நம்ம வீடு குரூப்: பெரியப்பாவுக்குக் கழுத்துல ஆபரேஷன்

பிரபு அண்ணன்: எல்லாருக்கும் ஒரு விஷயம். அப்பாவோட எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்துருச்சு. கழுத்தெலும்புல நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல, அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவுல (சி4-சி5, சி5-சி6ன்னு போட்டிருக்கு) ரெண்டு எடத்துலயும் டிஸ்க், அதான் எலும்புக்கு நடுவுல இருக்குற மெத்தை மாதிரி, பின்னாடி தள்ளி தண்டுவடத்த அமுக்குதாம். ஆபரேஷன் பண்ணணும், தள்ளிப் போடாதீங்கன்னு சொல்லிட்டாரு டாக்டர்

செல்வி அத்தை: ஐயோ முருகா 🙏 கைதானடா மரத்துப் போகுதுன்னாரு, கழுத்துல எதுக்கு ஆபரேஷன்? அண்ணனுக்குக் கழுத்து வலியே கெடையாதே

முருகேசன் சித்தப்பா: அதத்தான் நானும் கேக்குறேன். சுகர்னாலன்னு சொல்லி போன வருஷம் பூரா மாத்திரை குடுத்தாங்க. இப்ப கழுத்துங்கிறாங்க, நாளைக்கு இடுப்பும்பாங்க

கவிதா: சித்தப்பா சுகர்னால நரம்பு கெட்டா பெரும்பாலும் கால் விரல்ல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறும், முட்டிக்குக் கீழ சுத்தியலால தட்டுனா கால் அசையுறது கொறையும். பெரியப்பாவுக்கு நேர்மாறா தட்டுன ஒடனே கால் எகிறுது, நடுவிரல் நகத்தச் சுண்டிவிட்டா கட்டைவிரல் தானா மடங்குது, அதுக்கு ஹாஃப்மன் சைன்னு பேரு. பொங்கலுக்கு வந்தப்ப அதப் பாத்துட்டுதான் கழுத்துக்கு எம்ஆர்ஐ எடுங்கன்னு அண்ணன்ட்ட சொன்னேன்

பெரியப்பா: நான் வாயால சொல்லி டைப் பண்றேன் தப்பா வந்தா கண்டுக்காதீங்க வலி இல்லதான் ஆனா சட்டப் பட்டன் போட முடியல கைலிய சொருகுனா நிக்க மாட்டேங்குது கடையில நோட்டு எண்ணுனா ரெண்டு ரெண்டா வருது பேங்குல கையெழுத்து ஒத்து வரலன்னு செக்க திருப்பி விட்டுட்டான்

பெரியம்மா: அவரு சொல்லாதத நான் சொல்றேன். காலையில மூஞ்சிக்கு சோப்பு போட்டு கண்ண மூடுனா ஆளு ஆடுறாரு. செவத்தப் புடிச்சுக்கிட்டுதான் கழுவுறாரு. கேட்டா தூக்கக் கலக்கம்பாரு

கவிதா: பெரியம்மா இத டாக்டர்ட்ட இப்படியே சொல்லுங்க. கால் எங்க இருக்குன்னு மூளைக்குப் போற தகவல் கழுத்து வழியாதான் போகுது, அங்க அமுங்குனா கண்ணு தொறந்திருக்கும்போது பாத்து சமாளிச்சுருவாங்க, மூடுனா தள்ளாடும். இதுக்கு மைலோபதின்னு பேரு. வலி இல்லாததுனாலதான் நெறைய பேரு வயசாயிருச்சுன்னு விட்டுர்றாங்க

செல்வி அத்தை: ஒண்ணு ஃபார்வேர்டு வந்துச்சு, எருக்க இலைய விளக்கெண்ணெய்ல வதக்கி ஒத்தடம் குடுத்தா டிஸ்க் தானா உள்ள போயிருமாம். இல்லாட்டி சலூன்ல தலைய ஒரு திருப்பு திருப்பி நெட்டி எடுப்பாங்கள்ல, அதுலயே பாதி பாரம் எறங்கிரும்

கவிதா: அத்தை ப்ளீஸ்!! ஒத்தடம் சதைப்பிடிப்புக்கு எதமா இருக்கும், எலும்புக்கு நடுவுல இருக்குற டிஸ்க்க அது ஒண்ணும் செய்யாது. நெட்டி எடுக்குறது மட்டும் வேணவே வேணாம். நல்லா இருக்குறவங்க கழுத்துலயே வெடுக்குன்னு திருப்பி மூளைக்குப் போற ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வந்துருக்கு. பெரியப்பா இருக்குற நெலமைல கைகாலே விழுந்துரலாம். பெரியப்பா சலூனுக்குப் போனா முடி மட்டும் வெட்டிட்டு வாங்க

முருகேசன் சித்தப்பா: சரி நீயே பிசியோதான, எக்சர்சைஸ் குடுத்து பாக்கக் கூடாதா?

கவிதா: பிசியோங்கிறதுனாலதான் சித்தப்பா சொல்றேன். கைக்குப் போற நரம்பு மட்டும் நசுங்கி வலிச்சா மாத்திரை எக்சர்சைஸ்னு நெறைய பேருக்கு கத்தி வைக்காமலே சரியாகும். தண்டுவடமே அமுங்கி நடையும் கையும் தடுமாறுனா அது வேற கேஸு, எக்சர்சைஸால அமுக்கத்த எடுக்க முடியாது

பெரியப்பா: பின்னாடியா அறுப்பாங்க

பிரபு அண்ணன்: இல்லப்பா முன்னாடி. தொண்டைக்குப் பக்கத்துல சின்னதா கீறி, மூச்சுக்குழாய் உணவுக்குழாய ஒதுக்கி வச்சுட்டு, ரெண்டு டிஸ்க்கையும் எடுத்துட்டு அந்த எடத்துல கேஜ்னு சின்னக் கூடு மாதிரி ஒண்ணு வச்சு பிளேட் ஸ்குரூ போடுவாங்களாம். அமுக்கம் முன்னாடி இருந்து வர்றதுனாலயும் ரெண்டே எடங்கிறதுனாலயும் அப்படி. மூணு நாலு எடத்துல அமுங்குனா பின்னாடி வழியா தண்டுவடத்துக்கு எடம் பண்ணி விடுறதும் உண்டாம்

செல்வி அத்தை: தொண்டையிலயா 😢 பேச்சு போயிருமாடா?

கவிதா: போகாது அத்தை. கொஞ்ச நாளைக்கு முழுங்க செரமமா இருக்கும், கொரல் கம்மலாம், பெரும்பாலானவங்களுக்கு சரியாயிரும். அபூர்வமா தோள் தூக்க முடியாம போறது, தண்டுவடத்தச் சுத்தி இருக்குற நீர் கசியுறது, இன்ஃபெக்‌ஷன்னு ரிஸ்க்கும் இருக்கு. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கேட்டுருங்க அண்ணா

பெரியப்பா: கை பழைய மாதிரி வருமா அத சொல்லு மொதல்ல

கவிதா: பொய் சொல்ல மாட்டேன் பெரியப்பா. இதுக்கு மேல கெடாம நிறுத்துறதுதான் மெயினு. நெறைய பேருக்கு நல்லா முன்னேற்றமும் வருது, ஆனா மாசக்கணக்காகும், முழுசா வரும்னு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க. எவ்வளவு நாள் அமுங்கிக் கெடந்துச்சோ அந்தளவுக்குத் திரும்புறது கொறையும். அதான் தை மாசம் ஆவணி மாசம்னு நாள் பாக்காதீங்க. அப்புறம் பீடி

பெரியம்மா: 😂😂 வந்துருச்சு

பெரியப்பா: கழுத்துக்கும் பீடிக்கும் என்ன சம்பந்தம்

கவிதா: கேஜ் வச்ச எடத்துல மேல கீழ எலும்பு ஒண்ணா சேந்தாகணும். புகை புடிச்சா அது சேராம போற வாய்ப்பு கூடும், புண்ணு ஆறவும் லேட்டாகும். இன்னைக்கே நிறுத்துங்க

முருகேசன் சித்தப்பா: செலவு எப்படிடா பிரபு? வேலூர் சிஎம்சி போயிரலாமா? 1949லயே ஜேக்கப் சாண்டி டாக்டர் நியூரோ சர்ஜரி ஆரம்பிச்ச எடம்

பிரபு அண்ணன்: இங்க மதுரை பெரியாஸ்பத்திரிலயே நியூரோ சர்ஜரி இருக்கு சித்தப்பா, அப்பாவ வேலூர் வரைக்கும் பஸ்ல குலுக்கிட்டுப் போறதுக்கு யோசனையா இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். இந்த ஆபரேஷன் அதுல வருமான்னு ஆஸ்பத்திரில இருக்குற காப்பீட்டு கவுண்டர்ல மொதல்ல கேக்கணும்

முருகேசன் சித்தப்பா: அப்ப வியாழக்கிழமை நான் கார் எடுத்துட்டு வந்துர்றேன். கடைய செல்வி வீட்டுக்காரரு பாத்துக்கட்டும்

கவிதா: ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, எம்ஆர்ஐ சிடியையும் பிலிமையும் எடுத்துட்டுப் போங்க, சர்ஜன் படத்தத்தான் பாப்பாரு. ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பிரின் போடுறாருல்ல, அத எப்ப நிறுத்தணும்னு கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க

பெரியம்மா: சிடி பிரிட்ஜ் மேல இருக்கு. பீடிக்கட்டு எங்க இருக்குன்னும் தெரியும், அத நான் பாத்துக்கிறேன்