சொந்தத் தயாரிப்பில் நாட்டுப்புறப் பாடல் தொகுப்பு: ஆலைக்கு அனுப்பும் முன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

கேள்வி:
வணக்கம். நண்பர்கள் நால்வர் சேர்ந்து பாடிப் பதிவு செய்த 11 நாட்டுப்புறப் பாடல்கள், மொத்தம் 52 நிமிடங்கள், மிக்ஸிங் முடிந்து தயாராக உள்ளன. குறுந்தகடாகவும் வினைல் இசைத்தட்டாகவும் வெளியிட விரும்புகிறோம். ஒரே மாஸ்டர் (தட்டு தயாரிக்க ஆலைக்குக் கொடுக்கும் இறுதி ஒலிப்பதிவு) இரண்டுக்கும் போதுமா? இவற்றில் நான்கு பாடல்கள் ஒரு மூதாட்டி எங்களுக்குக் கற்றுத்தந்தவை. இயற்றியவர் யாரென்று அவருக்கும் தெரியாது. அட்டையில் ‘மரபுப் பாடல்’ என்று போட்டால் போதுமா?

மறுமொழி 1:
போதாது, வினைலுக்குத் தனி மாஸ்டர் செய்யுங்கள். குறுந்தகடு ஏறத்தாழ 80 நிமிடங்கள் கொள்ளும். 12 அங்குல இசைத்தட்டிலோ பக்கத்துக்கு 26 நிமிடங்களை அடக்க முயன்றால், வரிப்பள்ளங்கள் நெருங்கி, ஒலியளவைக் குறைத்தே வெட்ட வேண்டியிருக்கும். ஊசியின் இரைச்சல் பாட்டுக்கு மேலே கேட்கும். பக்கத்துக்கு 20 நிமிடங்களுக்குள் நிறுத்தி, இரண்டு மூன்று பாடல்களைக் குறுந்தகட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தோல்கருவிகளின் அடி ஒலியை இடம் வலமாகப் பிரிக்காமல் நடுவில் வைப்பது நல்லது. இல்லையேல் ஊசி துள்ளக்கூடும்.

பாடல் வரிசையும் முக்கியம். தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஒவ்வொரு நொடிக்கும் கிடைக்கும் பள்ளத்தின் நீளம் சுருங்குவதால், ‘ச’ போன்ற ஒலிகள் கரகரக்கும். எங்கள் தொகுப்பில் மேளமும் கூட்டுக்குரலும் உச்சத்தில் ஒலிக்கும் பாடலை முதல் பக்கத்தின் முடிவில் வைத்துவிட்டு, மாதிரித் தட்டைக் கேட்டபோது கலங்கிப்போனோம். அங்கே ஒரு தாலாட்டை மாற்றி வைத்து மறுபடி வெட்டச் செய்தோம். மாதிரித் தட்டைக் கேட்காமல் ஒப்புதல் தராதீர்கள்.

மறுமொழி 2:
குறுந்தகட்டைப் பொறுத்தவரை, அச்சுவார்ப்பில் அழுத்தி எடுப்பார்களா, ஒவ்வொன்றாக எழுதித் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். சிறு எண்ணிக்கைக்குப் பின்னது மலிவு, நீடித்து உழைப்பது முன்னது. மாஸ்டரிங் செய்பவரிடம் டிடிபி (DDP) கோப்பு, அதாவது குறுந்தகடு தயாரிக்க ஆலைக்கு அனுப்பும் முழுத்தகட்டுக் கோப்பு, கேட்டு வாங்கி, பாடல்களுக்கு இடையிலுள்ள மௌனம் உட்பட முழுவதையும் ஒருமுறை கேளுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி (ISRC) எண், அதாவது ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் பன்னாட்டுக் குறியெண், பெற்று அதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 3:
‘மரபுப் பாடல்’ என்பது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. முதலில், அந்த நான்கும் அண்மைக் காலத்தில் யாரேனும் இயற்றி வாய்மொழியாகப் பரவியவையா என்று விசாரியுங்கள். அப்படியானால் இயற்றியவரின் உரிமை இன்னும் நிலைத்திருக்கலாம். மரபானவையே என்று உறுதியானால், இணைய விநியோகப் படிவத்தில் இயற்றியவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை இடாதீர்கள். இசைக்கோப்பு, அதாவது குரல்களையும் கருவிகளையும் நீங்கள் அமைத்த விதம், மட்டுமே உங்களுடையது. மூதாட்டியின் குரலை எங்கேனும் சேர்த்திருந்தால், அவர் மொழியில் விளக்கிச் சொல்லி எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். குரல் இல்லாவிட்டாலும், மெட்டின் வளைவுகள் அவரிடமிருந்து வந்தவை என்பதால், பாடலுக்கு நேரே அவர் பெயர் இருக்கத்தான் வேண்டும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. வினைலிலிருந்து மூன்று பாடல்களை எடுத்துவிட்டோம். அட்டையில் பெயரை எப்படிப் போடுவது என்று மூதாட்டியிடம் நேரில் கேட்டோம். தமக்கு அந்தப் பாடல்களைக் கற்றுத்தந்த அத்தையின் பெயரை முதலில் போட்டுவிட்டு, அதன் கீழே தம் பெயரைப் போடச் சொன்னார். அவ்வாறே அச்சுக்கு அனுப்புகிறோம்.