பழைய கார்களும் வீட்டிலேயே செய்த கருவிகளும்: உங்கள் அனுபவம் என்ன?

சென்னை உறுப்பினர்:

அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேப்ப மரத்தடியில் பதினொரு ஆண்டுகள் நின்றது. வண்டலூர் தொழிற்சாலையில் பிறந்த வண்டி. எக்ஸாஸ்ட் நட்டுகளில் மூன்று நாள் எண்ணெய் விட்டும் ஒன்றுகூட அசையவில்லை. நீளமான குழாயை ஸ்பேனரில் மாட்டித் திருகப் போனேன். பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஐயா, "தம்பி, நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் கம்பி முறிந்தால் வேறு எங்கே தேடுவாய்?" என்று தடுத்தார். பெட்ரோல் டேங்கையும் கார்புரேட்டரையும் கழற்றி அப்புறப்படுத்தச் சொன்னார். நட்டை நன்றாகச் சூடாக்கி, அதன் ஓரத்தில் மெழுகுவர்த்தியை வைத்து அழுத்தினார். உருகிய மெழுகு மரைக்குள் தானாகவே இறங்கியது. சற்று ஆறியதும் சாதாரண ஸ்பேனருக்கே நட்டு இளகிவிட்டது.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் மரையிட்ட வெண்கலக் கூடு இருக்கிறது, டிரனியன் என்பார்கள். அதற்குக் கிரீஸ் அல்ல, 90-ஆம் நம்பர் கியர் ஆயில்தான் போட வேண்டும். எங்கள் வண்டிக்குப் பல ஆண்டுகள் கிரீஸே அடித்திருந்தார்கள். அது இறுகிப்போய், உள்ளே துருச்சேறாக நின்றது. ஓட்டும்போது தண்டு முறிந்தால் சக்கரம் மடங்கிவிடும். பழைய கிரீஸ் கன்னை மண்ணெண்ணெயில் கழுவி, செருப்புத் தோலில் வாஷர் வெட்டிப் போட்டு, அதில் ஆயிலை நிரப்பினேன். ஓரத்தில் ஆயில் கசியும்வரை அடிக்கிறேன்.

யாழ்ப்பாண உறுப்பினர்:

எங்கள் ஆஸ்டின் ஏ40 மண்ணெண்ணெய் குடித்து வாழ்ந்த கார். 1990-களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்கவில்லை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் காபரேட்டரில் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். என் ஐயா (அப்பா) அந்தச் சின்னப் பெற்றோல் போத்தலைக் கண்மருந்து போலப் பாதுகாத்தார்.

பின்னாளில் எஞ்சினைத் திறந்தபோது பிஸ்டன் தலைகளில் கரி அப்பியிருந்தது. அலுமினியத்தில் கீறல் விழும் என்பதால் இரும்பை எடுக்கவில்லை. கமுகஞ்சலாகையை (பாக்கு மரச் சிம்பு) சீவிச் சுரண்டினேன். இரண்டு நாள் ஆனது, ஒரு கீறல்கூட இல்லை. மூடியின் இடுக்கில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டும் வீட்டில்தான் வெட்டினோம். கேஸ்கட் தாளை மூடியின் விளிம்பில் பரப்பி, உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் விளிம்பே தாளை வெட்டிவிடும். போல்ட் துளையின் மேல் பெயரிங் குண்டை வைத்து ஒரு தட்டு தட்டினால் வட்டமாகத் துளை விழும்.

கோவை உறுப்பினர்:

துருவுக்கு நான் செய்வது: பிளாஸ்டிக் வாளி நீரில் சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் கம்பி பொருளுக்கு, பாசிட்டிவ் கம்பி வீணான இரும்புத் தகட்டுக்கு. தகடு எவர்சில்வராக இருக்கவே கூடாது. நச்சுக் குரோமியம் நீரில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்த வெளியில் மட்டுமே வையுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம். மோரிஸ் மைனர் காரின் ஜாக்கியை ஓர் இரவு அப்படி ஊறவிட்டேன். காலையில் பிரஷ்ஷால் தேய்த்தபோது, இத்தனை ஆண்டுகள் யாரும் பார்த்திராத 'மேட் இன் இங்கிலாந்து' எழுத்துகள் தெரிந்தன.