உள்ளங்கையில் வந்த புள்ளிகள்

வெள்ளவத்தையிலிருந்து:

எச்.ஐ.வி. என்று டொக்டர் சொன்ன பிறகு, அன்று வேறெதுவும் என் காதில் விழவில்லை. அடுத்த முறை போனபோது, "தம்பி, போன தடவையே சொன்னேனே, சிபிலிஸும் இருக்கிறது" என்றார். கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள பாலியல் நோய் சிகிச்சை நிலையம் அது. பணம் வாங்குவதில்லை, விவரம் வெளியே போவதுமில்லை.

நான்கு மாதங்களுக்கு முன் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறத்தில் புள்ளிகள் வந்திருந்தன. அரிப்பில்லை, வலியில்லை. புறக்கோட்டைத் துணிக்கடையொன்றில் வேலை செய்கிறேன். சாயம் பட்டு வந்த அலர்ஜி என்று ஒரு தனியார் டொக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். மூன்று கிழமையில் மறைந்துவிட்டது. அவரைப் போல் கைராசிக்காரர் இல்லை என்று கடை முழுக்கச் சொல்லித் திரிந்தேன்! அவை சிபிலிஸ் புள்ளிகள்; களிம்பே பூசாவிட்டாலும் தானாக மறைந்திருக்கும். தோலைவிட்டுப் போனது இரத்தத்தில் இருந்தது. சிபிலிஸுக்கான இரத்தப் பரிசோதனை வீ.டி.ஆர்.எல்.லில் 1:64; பின்னால் வரும் எண் குறையக் குறைய நல்லது.

பென்சிலின் 24 இலட்சம் அலகு, இரண்டாகப் பிரித்து இரு பிட்டத்திலும் ஏற்றினார்கள். கெட்டியான மருந்து, மெல்லத்தான் இறங்கும். ஓட்டோவில் எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவது என்று தெரியவில்லை. அன்றிரவு குளிர், காய்ச்சல், உடம்பெல்லாம் உளைவு. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று விடியும்வரை பயந்து கிடந்தேன். கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது வரும் காய்ச்சல், ஒரு நாளில் விட்டுவிடும் என்று ஊசி போட்ட மிஸ் முன்பே சொல்லியிருந்தாராம். அதுவும் என் காதில் விழவில்லை.

ஆறு மாதத்தில் 1:8க்கு இறங்கியது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

தம்பி, எனக்கு ஒரு புள்ளிகூட வரவில்லை. முதல் பிள்ளை வயிற்றில். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் இரண்டும் சேர்ந்தே வந்தன. கணவரைத் தவிர வேறு ஆளை அறியாதவள் நான். இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. ஆனாலும் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டுதான் போனேன். எனக்கு மட்டும் ஊசி போட்டு என்ன பயன்? ஒரு முறை குணமானாலும் சிபிலிஸ் மறுபடி தொற்றும்.

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்து, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டியது நினைவிருக்கிறது. மகனுக்கு இப்போது மூன்று வயது. இரண்டில் ஒன்றும் இல்லை. அவரோடு பேசுகிறேன், தேவைக்கு மட்டும்.

தெமட்டகொடையிலிருந்து:

எனக்கு எச்.ஐ.வி.யோடு வந்தது ஹெபடைடிஸ் பி. எட்டு மாதம் ஒழுங்காக எச்.ஐ.வி. குளிசை எடுத்தேன். பிறகு ஊர்ப் பரியாரி ஒருவரின் பேச்சைக் கேட்டு நிறுத்தினேன். இரண்டாம் மாதம் முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்தால் கண் இரண்டும் மஞ்சள். சோற்று வாசனைக்கே குமட்டியது. அந்த ஒரே குளிசையில் இருக்கும் டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஈரலில் இருந்த வைரஸையும் சேர்த்து அடக்கி வைத்திருந்தன; நிறுத்தியதும் அது சீறிக்கொண்டு எழுந்துவிட்டது. டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மனைவிக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று. கடைசி ஊசி போன கிழமை போட்டாயிற்று.