பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் இல்லை: 1894 நார்ஃபோக் வழக்குப் பதிவுகளில் தேட முடியுமா?

நார்ஃபோக் மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் ஆங்கிலேயர். அவருடைய தந்தைவழிப் பாட்டனார் 1894ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் நார்ஃபோக் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) தெட்ஃபோர்டு நகரை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் மட்டுமே இருக்கிறது. தந்தைக்குரிய கட்டத்தில் ஒரு கோடுதான். தாய்க்கு அப்போது மணமாகவில்லை. 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் வேறோர் ஊரில், ஒரு பண்ணை வீட்டில் வேலைக்காரியாக இருந்திருக்கிறார். பாட்டனார் தம் திருமணப் பதிவில் தந்தை என்று கொடுத்த பெயரோ உண்மையில் அவருடைய தாய்வழித் தாத்தாவின் பெயர்.

அக்காலத்தில் இத்தகைய பெண்கள் குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்றம் சென்றார்கள் என்று அறிந்து, லண்டனில் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் தாயின் பெயரை இட்டுத் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. வேறு எங்கே தேடுவது? ஒரு பெயர் கிடைத்தால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? கணவரின் அத்தை, அதாவது அந்தப் பாட்டனாரின் மகள், தொண்ணூறு வயதைக் கடந்தும் நலமாக இருக்கிறார். அவர் இருக்கும்போதே விடை தெரிய வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம்.

பழஞ்சுவடி:

வணக்கம் அம்மா. சான்றிதழில் கோடு இருப்பதைக் கொண்டு தந்தை யாரென்று ஊருக்குத் தெரியாது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 1874ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, மணமாகாத தாயின் குழந்தைக்குத் தந்தை பெயரை எழுத வேண்டுமானால் அந்த ஆணும் தாயுடன் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். அவர் வராவிட்டால், தாய் எத்தனை முறை சொன்னாலும் பதிவாளர் எழுதமாட்டார். அதே பெயரைத் தாய் நீதிமன்றத்தில் சொல்லியிருக்கக்கூடும்.

1844ஆம் ஆண்டுச் சட்டம் முதல் தாயே நேரடியாக உள்ளூர் நீதிபதிகளிடம், அதாவது பெட்டி செஷன்ஸ் அமர்வில், விண்ணப்பிக்க முடிந்தது. உங்களுக்குப் பொருந்துவது 1872ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி வாரத்துக்கு அதிகபட்சம் 5 ஷில்லிங், குழந்தைக்கு 13 வயது ஆகும்வரை, நீதிபதிகள் விரும்பினால் 16 வயதுவரை தரும்படி ஆணையிடலாம். விண்ணப்பத்தைக் குழந்தை பிறப்பதற்கு முன்போ, பிறந்து 12 மாதங்களுக்குள்ளோ தர வேண்டும். அந்த ஓராண்டுக்குள் ஆண் ஏதேனும் பணம் கொடுத்திருந்தால் பிறகும் தரலாம். ஆகவே 1893இன் பிற்பகுதியிலிருந்து 1895 முடியத் தேடுவது முதல் வேலை.

கியூவில் கிடைக்காததில் வியப்பில்லை. இவை கீழ்நிலை நீதிமன்றப் பதிவுகள். கவுண்டி ஆவணக் காப்பகங்களில்தான் இருக்கும், உங்களுக்கு நாரிச்சில் உள்ள நார்ஃபோக் ஆவணக் காப்பகம். இணையப் பட்டியல்கள் பெரும்பாலும் பதிவேட்டின் தலைப்போடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் ஆட்களின் பெயர்களைப் பட்டியலிடா. எனவே ஆள் பெயரால் அல்லாமல் ‘பெட்டி செஷன்ஸ்’, ‘பாஸ்டர்டி’ (மணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தை பற்றிய வழக்கு), ‘அஃபிலியேஷன்’ (தந்தை இன்னாரென முடிவுசெய்யும் ஆணை) ஆகிய சொற்களால் தேடுங்கள். இன்னொன்று: தாய் எங்கே வசித்தாரோ அந்தப் பிரிவின் அமர்வில்தான் வழக்கு வரும், ஆண் வேறெங்கோ இருந்தாலும் அழைப்பாணை அங்கே போகும். தெட்ஃபோர்டு சஃபோக் எல்லையில் இருக்கும் ஊர். அதன் ஏழைகள் சட்ட ஒன்றியமே, அதாவது ஏழைகளின் பராமரிப்புக்காகப் பல ஊர்களைச் சேர்த்த அமைப்பே, இரண்டு கவுண்டிகளின் ஊர்களையும் சேர்த்ததாக இருந்தது. ஆகவே சஃபோக் கவுண்டியின் ஆவணக் காப்பகத்தையும் விட்டுவிடாதீர்கள்.

செய்தித்தாள் வாசகர்:

பழஞ்சுவடி அவர்கள் சொன்ன பதிவேடுகள் கிடைத்தால் நன்று. ஆனால் பெட்டி செஷன்ஸ் பதிவுகளில் பெரும்பகுதி அழிந்துபோனவை என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் முதலில் செய்தித்தாள்களுக்கே போவேன். உள்ளூர் வார இதழ்கள் இவ்வழக்குகளை ஒருவிதக் குறும்புடனேயே வெளியிட்டன: தாயின் பெயர், ஊர், ஆணின் பெயர், அவருடைய தொழில், வாரத்துக்கு எத்தனை ஷில்லிங் என எல்லாமே இரண்டு வரிகளில் வந்துவிடும். ‘நார்ஃபோக் கிரானிக்கிள்’, ‘பரி அண்ட் நாரிச் போஸ்ட்’ இரண்டையும் பிரிட்டிஷ் செய்தித்தாள் காப்பகத்தின் இணையதளத்தில் காணலாம். எழுத்துணரி, அதாவது அச்செழுத்தைப் படித்துத் தேடத்தக்கதாக்கும் மென்பொருள், பழைய அச்சைத் தவறாகப் படிப்பதுண்டு. தாயின் பெயர் சிக்காவிட்டால் ஊர்ப்பெயரை மட்டும் இட்டு அந்த இரண்டு ஆண்டுகளின் அமர்வுச் செய்திகளைக் கண்ணால் பார்த்துச் செல்வதே வழி.

ஓர் எச்சரிக்கை. பணக்காரப் பண்ணையாரோ அவருடைய மகனோ தந்தையாக இருந்தால், வழக்கு வராமல் பணம் கைமாறியிருக்கலாம். அதற்கு எந்தப் பதிவும் இராது. அதற்காக, 1891இல் தாய் வேலை செய்த வீட்டு எசமானரைத்தான் தந்தை என்று ஊகித்து வம்சாவளி மரத்தில் எழுதிவிடுவோர் பலர் இருக்கிறார்கள். குழந்தை பிறந்தது மூன்று ஆண்டுகள் கழித்து. அப்போதும் அதே வீட்டில் இருந்தார் என்பதற்கே முதலில் சான்று வேண்டும்.

மரபணு ஆர்வலர்:

பதிவேடுகள் காத்திருக்கும், அத்தையின் மரபணுச் சோதனையை இந்த வாரமே செய்யுங்கள், அவருடைய சம்மதத்துடன். அறியப்படாத அந்த மனிதர் அத்தைக்குத் தாத்தா. அவரிடமிருந்து அத்தைக்குச் சுமார் 25 சதவீதம் மரபணு வந்திருக்கும். உங்கள் கணவருக்கு அவர் கொள்ளுத்தாத்தா, சுமார் 12.5 சதவீதம்தான். ஒரு தலைமுறை முன்னே செல்வதால் பொருந்தும் உறவினர்கள் கணிசமாகக் கூடுவார்கள்.

ஆனால் உங்கள் கணவரிடம் அத்தையிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. பாட்டனார், தந்தை, மகன் என்று முழுக்க ஆண்வழியாக வந்திருப்பதால், அந்த மனிதரின் ஒய் குரோமோசோம் அப்படியே அவரிடம் இருக்கிறது. நம்மைப் போல் தந்தை பெயரை முதலெழுத்தாக இட்டுக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை. குடும்பப்பெயர் ஆண்வழியில் இறங்குகிறது. ஒய் சோதனையில் நெருங்கிப் பொருந்துவோர் பலருக்கும் ஒரே குடும்பப்பெயர் இருந்தால் அது வலுவான தடயம்.

மரபணு குடும்பத்தைத்தான் காட்டும். அக்குடும்பத்தில் மூன்று சகோதரர்கள் இருந்தால் அவர்களில் யார் என்று அதனால் சொல்ல முடியாது. அங்கேதான் நீதிமன்றப் பதிவு கைகொடுக்கும்.

நார்ஃபோக் மருமகள்:

மூவருக்கும் மிக்க நன்றி. அத்தை சம்மதித்துவிட்டார், எங்களைவிட அவருக்குத்தான் ஆர்வம் அதிகம். ஒன்று மட்டும் கேட்கிறேன்: 1894–95 பதிவேடே அழிந்திருந்தால் நீதிமன்ற வழி அத்துடன் முடிந்துவிடுமா?

பழஞ்சுவடி:

முடியாது. ஆணை பெற்ற ஆண்களில் பலர் ஒழுங்காகப் பணம் தரவில்லை. நிலுவைக்காகத் தாய் மீண்டும் அமர்வுக்கு வருவார். அவர்களுக்குப் பிடியாணையும் சிறையும்கூட உண்டு. பாட்டனாருக்கு 13 வயது நிறைந்தது 1907இல். ஆகவே அந்த ஆண்டுவரையிலான, ஆணை 16 வயதுவரை என்றிருந்தால் 1910வரையிலான, பதிவேடுகளில் எதிலும், செய்தித்தாளிலும், அதே இரு பெயர்கள் மறுபடி வரலாம். ஆணையை எதிர்த்து ஆண் மேல்முறையீடு செய்திருந்தால் அது குவார்ட்டர் செஷன்ஸ், அதாவது ஆண்டுக்கு நான்கு முறை கூடிய மேல் அமர்வின், பதிவுகளில் இருக்கும். அவை ஒப்பீட்டளவில் நன்றாகப் பாதுகாக்கப்பட்டவை. குழந்தை ஏழைகள் இல்லத்தில் பிறந்திருந்தால் ஒன்றியத்தை நிர்வகித்த காப்பாளர் குழுவின் குறிப்பேடுகளையும் பாருங்கள்.

நம்பகத்தன்மை பற்றி நீங்கள் முதலில் கேட்டதற்கும் விடை தர வேண்டும். தாயின் வாக்குமூலம் மட்டும் போதாது. கடிதமோ, இருவரையும் சேர்த்துப் பார்த்தவரோ, பணம் கொடுத்த சான்றோ, ஏதேனும் ஒரு துணைச் சாட்சியம் சட்டப்படி வேண்டும். ஆகவே ஆணை பிறப்பிக்கப்பட்டிருந்தால் அது வெறும் குற்றச்சாட்டைவிடக் கனமானது. ஆனாலும் உயிரியல் சான்று அல்ல. வழக்கு தள்ளுபடி என்று எழுதியிருந்தாலும் அந்த ஆணின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். துணைச் சாட்சியம் இல்லை என்பதற்காகத் தள்ளப்பட்ட வழக்கு, அவர் தந்தை அல்லர் என்ற தீர்ப்பாகாது; அந்தப் பெயரை அத்தையின் மரபணுப் பொருத்தங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.