டார்க்டேபிளில் டாம்ரான் 17-50 வேறு லென்ஸ் பெயரில் வருகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி

வணக்கம். கேனன் 700டி பாடியில் டாம்ரான் 17-50 எஃப் 2.8 லென்ஸ் போட்டு எடுக்கிறேன், உபுண்டுவில் டார்க்டேபிள் என்ற ஃபோட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர். ரா ஃபைலை (கேமரா பதிந்த மூலப் படத்தை) இம்போர்ட் செய்ததும் லென்ஸ் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு கம்பெனியின் 17-50 பெயர் வருகிறது, பழைய படங்கள் சிலவற்றில் பெயரே இல்லாமல் வெறும் எண் மட்டும் இருக்கிறது. லென்ஸ் கரெக்‌ஷனை ஆன் செய்தால் அந்தத் தப்பான லென்ஸின் கணக்கில்தான் படம் திருத்தப்படுகிறது. மதுரை திருமலை நாயக்கர் மகாலில் 17 எம்எம்மில் எடுத்த படங்களில் ஓரத்துத் தூண்கள் முதலில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன, கரெக்‌ஷன் போட்டதும் அதே தூண்கள் உள்பக்கமாக வளைகின்றன. கிட் லென்ஸ் மாட்டினால் எல்லாம் சரியாக வருகிறது. பாடியில் கோளாறா, லென்ஸிலா, சாஃப்ட்வேரிலா? ஒவ்வொரு படத்துக்கும் கையால் மாற்றிக்கொண்டிருக்க முடியவில்லை.

பதில் 1

மூன்றிலும் கோளாறு இல்லை நண்பரே. கேமரா ஃபைலுக்குள் லென்ஸ் பெயரை முழுசாக எழுதுவதில்லை, முக்கியமாக ஓர் எண்ணைத்தான் எழுதுகிறது. கேனன் தன் லென்ஸ்களுக்கு மட்டும்தான் எண் கொடுக்கும். சிக்மா, டாம்ரான் மாதிரி வெளிக் கம்பெனிகள் கேனனின் இஎஃப் மவுண்ட் (லென்ஸை மாட்டும் இணைப்பு) பேசுகிற பாஷையைத் தாங்களாகவே ஆராய்ந்து கண்டுபிடித்து லென்ஸ் செய்தவர்கள், அதனால் ஏற்கெனவே இருக்கிற எண்ணில் ஏதாவது ஒன்றைத்தான் லென்ஸ் சொல்லும். உதாரணத்துக்கு 161 என்ற எண்ணைப் பாருங்கள்: கேனனின் 28-70 எஃப் 2.8 எல், சிக்மாவின் 24-70, டாம்ரானின் விசி (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) இல்லாத 17-50, டாம்ரான் 90 மேக்ரோ எல்லாம் அதே எண்தான். டார்க்டேபிளுக்காக எக்ஸிஃபை, அதாவது படத்தோடு பதிவாகும் கேமரா, லென்ஸ் விவரங்களைப் படிப்பது எக்ஸிவ்2 என்ற லைப்ரரி. அது எண்ணோடு ஃபோகல் லெங்த் எல்லையையும் அதிகபட்ச அபெர்ச்சரையும் ஒப்பிட்டு ஆளைப் பிடிக்கப் பார்க்கும். 17-50, 2.8 என்று இரண்டு கம்பெனி லென்ஸும் ஒரே அளவில் இருந்தால் அதற்கு வேறு வழியில்லை, ஊகம்தான். பட்டியலில் உங்கள் லென்ஸ் சேராத பழைய எக்ஸிவ்2 என்றால் வெறும் எண்ணைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும்.

முதலில் ஒன்று சொல்லுங்கள், உங்களுடையது விசி உள்ளதா இல்லாததா? லென்ஸ் முன் வளையத்தில் ஃபில்டர் அளவு போட்டிருக்கும். 67 என்றால் பழைய ஏ16, 72 என்றால் விசி உள்ள பி005. இரண்டுக்கும் கண்ணாடி அமைப்பே வேறு, ஒன்றின் புரொஃபைலை (திருத்தக் கணக்கை) இன்னொன்றுக்குப் போட்டால் மறுபடியும் தூண் வளையும்.

கேட்டவர்

72 தான் அண்ணா. பக்கவாட்டில் விசி சுவிட்சும் இருக்கிறது. அப்படியானால் நான் லென்ஸ்ஃபன் டேட்டாபேஸை அப்டேட் செய்தால் போதுமா?

பதில் 1

போதாது. இது நிறையப் பேர் குழம்புகிற இடம். லென்ஸ்ஃபன் வேலை அடுத்த கட்டம்: எக்ஸிவ்2 கொடுக்கும் பெயரை வாங்கி, அந்த லென்ஸ் எந்த ஃபோகல் லெங்த்தில் எவ்வளவு வளைக்கிறது, மூலைகள் எவ்வளவு இருட்டாகின்றன என்ற அளவுகளைத் தேடிக் கொடுப்பது. பெயரே தப்பாகப் போனால் அது தப்பான அளவைத்தான் எடுக்கும். அதனால் முதலில் பெயரைச் சரிசெய்ய வேண்டும்.

எக்ஸிவ்2வுக்கு ஹோம் ஃபோல்டரில் ஒரு சின்ன கான்ஃபிக் ஃபைல் வைக்கலாம், பெயர் புள்ளியில் தொடங்குவதால் மறைந்திருக்கும். விண்டோஸில் அதே வேலைக்கு ஐஎன்ஐ ஃபைல். உள்ளே கேனன் என்று ஒரு தலைப்பு, அதன் கீழே லென்ஸ் எண், சமக்குறி, நீங்கள் விரும்பும் பெயர். அவ்வளவுதான். பெயரை லென்ஸ் கரெக்‌ஷன் மாட்யூலின் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், ஒரு இடைவெளி மாறினாலும் பொருந்தாமல் போகலாம். எண்ணைத் தெரிந்துகொள்ள டெர்மினலில் எக்ஸிவ்2வையோ எக்ஸிஃப்டூலையோ ஒரு படத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று. அதே எண் கொண்ட இன்னொரு லென்ஸும் உங்களிடம் இருந்தால் அதற்கும் இந்தப் பெயரே ஒட்டிக்கொள்ளும்.

பதில் 2

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் பயன்படுத்துவது லைட்ரூம் கிளாசிக் என்ற இன்னொரு எடிட்டிங் சாஃப்ட்வேர். அங்கே புரொஃபைலில் கம்பெனியையும் மாடலையும் ஒரு தடவை கையால் தேர்ந்தெடுத்துவிட்டு, செட்டப் மெனுவில் புதிய டீஃபால்ட்டாகச் சேமிக்கச் சொன்னால் அடுத்த தடவையிலிருந்து அதுவே எடுத்துக்கொள்கிறது. பல புரொஃபைல்கள் ராவுக்கு மட்டும் தயாரித்தவை, ஜேபெக்கில் பட்டியலில் காணோமே என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

கேட்டவர்

கான்ஃபிக் ஃபைல் எழுதிவிட்டேன். டெர்மினலில் இப்போது டாம்ரான் பெயர் சரியாக வருகிறது. ஆனால் டார்க்டேபிளில் அந்த மகால் படங்களில் இன்னும் பழைய பெயரேதான், திரும்பத் திறந்தும் பார்த்துவிட்டேன்.

பதில் 1

அது எதிர்பார்த்ததுதான். இம்போர்ட் ஆகும்போது படித்த பெயரை டார்க்டேபிள் தன் டேட்டாபேஸில் வைத்துக்கொள்கிறது, திறக்கும்போதெல்லாம் ஃபைலை மறுபடி படிப்பதில்லை. லைட்டேபிளில் (படங்களின் தொகுப்பு தெரியும் பக்கம்) அந்தப் படங்களையெல்லாம் தேர்வு செய்து, தேர்ந்தெடுத்த படங்களுக்கான பகுதியில் மெட்டாடேட்டா டேபில் எக்ஸிஃபைப் புதுப்பிக்கும் பட்டன் இருக்கும், அதை அழுத்துங்கள். அப்புறம் டார்க்ரூமில் (எடிட் செய்யும் பக்கம்) லென்ஸ் கரெக்‌ஷனை ஒருமுறை ரீசெட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஏற்கெனவே அதில் பதிந்த தப்பான லென்ஸ் அப்படியே நிற்கும். ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்கு மாட்யூலைக் காப்பி செய்கிறவர்களும் ஒட்டிய பிறகு ஃபோகல் லெங்த்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், 17இல் எடுத்ததும் 50இல் எடுத்ததும் ஒரே அளவில் வளையாது.

பதில் 3

என் நிலைமை வேறு. எம்42 (பழைய திருகு மவுண்ட்) அடாப்டரில் ஹீலியோஸ் 44-2 என்ற பழைய மேனுவல் லென்ஸ் மாட்டியிருக்கிறேன், எக்ஸிஃபில் லென்ஸ் பெயரே கிடையாது, கேமராவில் அபெர்ச்சர் 00 என்று காட்டுகிறது. இதற்கும் கான்ஃபிக் ஃபைல் உதவுமா?

பதில் 1

உதவாது. அந்த லென்ஸில் மின்தொடர்பே இல்லை, கேமராவுக்குச் சொல்ல அதனிடம் எதுவும் கிடையாது. எக்ஸிஃப்டூலில் லென்ஸ் பெயர், 58 எம்எம், எஃப் எண் மூன்றையும் நீங்களே எழுதிவிடலாம். மூலத்தின் நகலை அது தானாகவே வைத்துக்கொள்ளும், அதை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். எஃப் எண்ணை மட்டும் எடுக்கும்போதே எங்காவது குறித்து வைக்க வேண்டியிருக்கும், அபெர்ச்சர் வளையத்தை எங்கே திருப்பினீர்கள் என்று பிறகு கண்டுபிடிக்க வழியே இல்லை.

கேட்டவர்

எக்ஸிஃப் புதுப்பித்து, ரீசெட் செய்தேன். தூண்கள் நேராக நிற்கின்றன. மிகவும் நன்றி அண்ணா. மூலையில் மட்டும் 2.8இல் லேசாக ஊதா ஓரம் மிச்சம் இருக்கிறது.

பதில் 1

அது வளைவுக் கணக்கில் போகாது. அதே மாட்யூலில் நிறப்பிறழ்வுக்கான சிவப்பு, நீல ஸ்லைடர்களைக் கையால் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள், படத்தை 100 சதவீதத்தில் வைத்து, மூலையைப் பார்த்துக்கொண்டே. அப்படியும் நின்றால் குரோமாட்டிக் அபரேஷன்ஸ் என்று தனி மாட்யூல் இருக்கிறது, அதைப் போடுங்கள்.