ஒரு கிரவுண்டில் 6000 சதுர அடி வருமா?

கீதா: மாமா, மனை 40க்கு 60, மொத்தம் 2400 சதுர அடி, ஒரு கிரவுண்ட். பில்டர் ஸ்டில்ட் (கீழ தூண் மட்டும் வச்சு வண்டி நிறுத்துற தளம்) + 4 மாடி, 6000 சதுர அடி வரும்னு சொல்றார். எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற கணக்கு, 2 தானே? 4800-ஐ தாண்டி எப்படிப் போகும்?

மணி மாமா: 2 தான்மா. தமிழ்நாட்டோட 2019 கட்டட விதிகள் வந்ததுல இருந்து சாதாரண கட்டடத்துக்கு அதுதான். அதுக்கு முன்னாடி 1.5. அவர் சொல்றது 2.5 ஆகுது. மிச்ச 0.5-ஐ பிரீமியம் எஃப்எஸ்ஐயா, வழிகாட்டி மதிப்பை (நிலத்துக்கு அரசு வச்சிருக்கிற விலை) வச்சுக் காசு கட்டி வாங்கணும். ரோடு அகலம் இருந்தாதான் அதுவும்.

கீதா: நம்மது 30 அடி ரோடு மாமா.

மணி மாமா: பத்திரத்துல 30. டேப் பிடிச்சுப் பாத்தியா? 9 மீட்டர்னா ஏறக்குறைய 29 அடி 6 இன்ச். 9-லிருந்து 12 மீட்டருக்குள்ள இருந்தா 4800-ல 30% கூடுதல், அதாவது 1440. மொத்தம் 6240 வரைக்கும் போகலாம். 28 அடிதான் இருக்குன்னா 8.53 மீட்டர், பிரீமியமே கிடையாது.

குமார் அண்ணா: எஃப்எஸ்ஐ கிடைச்சாலும் கட்ட இடம் வேணுமே மாமா. கீதா, சுத்தி 5 அடி விட்டா தரைல 30 × 50 = 1500. மூணு மாடி 4500. ஆனா உயரம் கூடக் கூட சுத்தி விடுற இடமும் கூடும். நாலாவது மாடிக்காக 8 அடி விட வேண்டி வந்தா 24 × 44 = 1056, நாலு மாடிக்கு 4224. மாடி ஒண்ணு கூடி பரப்பு குறையுது. இது உதாரணக் கணக்குதான், சரியான அளவை பிளான் போடும்போது பாக்கணும்.

கீதா: அப்ப 6000 எங்கிருந்துண்ணா வருது?

குமார் அண்ணா: விக்கிற பரப்பா இருக்கும். ஸ்டில்ட் பார்க்கிங், மொட்டைமாடிக்கு மேல இருக்கிற படிக்கட்டு ஹெட்ரூம், லிஃப்ட் ரூம் இதெல்லாம் எஃப்எஸ்ஐல சேராது, சூப்பர் பில்டப்ல, அதாவது பொது இடங்களையும் சேத்து விக்கிற பரப்புல, சேத்துடுவாங்க. மாடிக்குள்ள இருக்கிற படிக்கட்டு சேரும். வெளிச்சுவரோட தடிமனும் சேரும். அதனால ஏரியா ஸ்டேட்மென்ட் (பரப்புக் கணக்குப் பட்டியல்) கேளு, மாடிவாரியா இருக்கணும்.

மணி மாமா: ஸ்டில்ட்டைச் சுவர் வச்சு அடைச்சு வீடோ கடையோ ஆக்கினா அந்தப் பரப்பும் எஃப்எஸ்ஐல ஏறிடும். அப்புறம் கம்ப்ளீஷன் சர்டிபிகேட் (பிளான்படி கட்டி முடிச்சதுக்கான சான்று) கிடைக்கிறது சிக்கலாயிடும், அது இல்லாம இந்த மாதிரி கட்டடத்துக்கு நிரந்தர கரண்ட் கனெக்‌ஷன் வராது. அதை மட்டும் ஒத்துக்காதே.

கீதா: சரி மாமா. பட்டால 2310-ன்னு இருக்கு, பத்திரத்துல 2400.

மணி மாமா: முதல்ல சர்வேயரை வச்சு அளந்து அதைச் சரி பண்ணும்மா. 2310-ன்னு எடுத்துக்கிட்டா 4620 தான் வரும், 180 சதுர அடி அங்கேயே போச்சு. ரோடு அகலப்படுத்த இனாமா இடம் எழுதிக் கொடுக்கச் சொன்னா மட்டும் பயப்படாதே, தானப் பத்திரம் பதிஞ்சா அந்த இடத்தையும் மனைப் பரப்புல சேத்துதான் எஃப்எஸ்ஐ போடுவாங்க.

கீதா: நாளைக்குக் காலைல மூணு நாலு இடத்துல ரோட்டை அளந்து போடறேன்.

குமார் அண்ணா: எங்க குறுகலா இருக்கோ அந்த அளவையும் மறக்காம போடு.