மறுமொழி: ‘ரயில்வே வில்லேஜ்’ – ‘பணிமனையூர்’ எனலாமா?

> ‘ரயில்வே குடியிருப்பு’ போதாதா? பொன்மலையில் ‘ரயில்வே காலனி’ என்றுதானே சொல்கிறோம்?

நண்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் ரயில் பணிமனைத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட பகுதிதான் ‘ரயில்வே வில்லேஜ்’. அதைத் தமிழில் ‘பணிமனையூர்’ எனலாமா என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த கேள்விதான் மேலே இருப்பது.

குடியிருப்பு என்றால் வீடுகள் மட்டுமே கண்ணில் படும். ஸ்விண்டனில் வீடுகளைக் கட்டியது ரயில் கம்பெனி. அதை ஊராக்கியவர்கள் தொழிலாளர்கள். அதனால் சொல்லில் ‘ஊர்’ இருந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

அந்தக் கம்பெனியான கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் எஞ்சின் பணிமனை 1843இல் அங்கே இயங்கத் தொடங்கியது. பழைய ஸ்விண்டன் குன்றின் மேலிருந்த சந்தை ஊர். பணிமனை வந்ததோ கீழே, வயல்வெளியில். அதை ஒட்டிச் சுமார் 300 கல்வீடுகள் எழுந்தன. தெருக்களுக்குப் பிரிஸ்டல், பாத், எக்ஸிட்டர், ரெடிங் என்று ரயில் போகும் ஊர்களின் பெயர்கள். ஆரம்பத்தில் இடநெருக்கடி கடுமை.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். 1847இல் மருத்துவ நிதிச் சங்கம் தொடங்கினார்கள். சம்பளத்தில் சிறு தொகை பிடித்தம். பதிலுக்குத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் டாக்டர், மருந்து. பின்னால் ஆஸ்பத்திரி, நீச்சல்குளம், குளியலகம் என்று அது வளர்ந்தது. பிரிட்டனில் தேசிய மருத்துவச் சேவை வந்தது 1948இல். அதற்கு நூறாண்டு முன்பே இங்கே ஆரம்பித்துவிட்டார்கள்! தொழிலாளர்களின் கல்வி, பொழுதுபோக்கு மன்றமான மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூஷனில் நூலகமும் நாடக மேடையும் இருந்தன. இவ்வளவையும் ‘காலனி’ என்ற சொல் தாங்காது.

‘சிற்றூர்’ என்ற யோசனையும் சரிவரவில்லை. சிற்றூர் என்றால் உழவும் ஏரியும் நினைவுக்கு வரும். இந்த ஊர் பிறந்ததே பணிமனையால். ஆகவே ‘பணிமனையூர்’. ரயில் என்று தெளிவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ரயில் பணிமனையூர்’. இங்கிலாந்தில் இதேபோல் ரயில் பணிமனையால் பிறந்த வுல்வர்ட்டன், க்ரூ போன்ற இடங்கள் நகரமாக வளர்ந்தவை. அவற்றுக்குப் ‘பணிமனை நகர்’ பொருந்தும்.

தமிழாக்க இன்னொரு சொல் பாக்கி: ‘ட்ரிப்’. ஸ்விண்டன் பணிமனைத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு போன விடுமுறைப் பயணத்தின் பெயர். 1849இல் ஆக்ஸ்போர்டுக்குப் போன ஒரு பயணத்தில் ஆரம்பித்து ஆண்டுதோறும் நடந்த வழக்கம் இது. பிற்காலத்தில் ஜூலையில் பணிமனையை மூடிவிடுவார்கள். இலவச ரயில்களில் ஊரே கடற்கரைக்குக் கிளம்பும். பணிமனைத் தண்டவாளங்களில் நிற்கும் பெட்டிகளில், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படி வைத்து ஏறுவார்கள். நெடுங்காலம் அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. ‘சுற்றுலா’ என்றால் இது வராது. ‘ஊர்ப்பயணம்’ என்று வைத்துப் பார்த்தேன். சொந்த ஊருக்குப் போவதாகப் பொருள்படுகிறது. ‘பணிமனைப் பயணம்’ சரியாக இருக்குமா? வேறு தோன்றினாலும் எழுதுங்கள்.